விடைத்தாள் திருத்தியவர்

கோடை விடுமுறையில் விடைத்தாள் திருத்தப் போகும் ஆசிரியர்கள் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. சொந்த வேலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நாட்களும் இதிலேயே போய்விட்டனவே என்று. எனக்கும் உண்டு. எழுத நினைத்தது எழுதாமலே கிடக்கிறது; ஆசையாய் வாங்கிய புத்தகம் பிரிக்காமலே இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் பாடம், காய்ச்சல், பள்ளிக் கட்டணம். வாழ்க்கையில் எது நம் வேலை, எது அந்த வேலையைத் தின்கிறது? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு ஜே.ஆர்.ஆர். டோல்கீன் நினைவுக்கு வருகிறார்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதியவர் என்று உலகம் அவரை அறியும். ஆனால் அவர் பிழைப்பு ஆசிரியப் பிழைப்பு. 1920-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1925-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியரானார். 1959-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பாடம் நடத்தினார். விதிப்படி ஆண்டுக்கு 36 விரிவுரைகள் நடத்தினால் போதும். பாடத்துக்கு அது பற்றாது என்று நினைத்து, இரண்டாம் ஆண்டில் வகுப்புகளும் சேர்த்து 136 நடத்தினார். வேகமாகவும் தெளிவில்லாமலும் பேசுகிறவர்தான். ஆனால் பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை அவர் உரத்த குரலில் சொல்லத் தொடங்கினால் வகுப்பு கட்டுண்டு போகும். அதைக் கேட்ட அனுபவத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் மறக்கவில்லை என்று அவருக்கே எழுதினார் மாணவராய் இருந்த கவிஞர் டபிள்யூ.எச். ஆடன்.

பேராசிரியர் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. மூன்று மகன்கள், ஒரு மகள். அதனால் கோடையில் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக் கூடுதலாகச் சம்பாதித்தார். 1930-ஐ ஒட்டிய ஒரு கோடையில், எந்த மாணவரோ எழுதாமல் விட்ட ஒரு வெற்றுத்தாளில், பொந்துக்குள் வாழும் ஹாபிட் என்ற கற்பனை உயிர் ஒன்றைப் பற்றி ஒரு வரி எழுதிவைத்தார். அந்த வரியிலிருந்துதான் 1937-ல் வெளிவந்த 'ஹாபிட்' நாவல் வளர்ந்தது. சலிப்பான வேலைக்கு நடுவே மேதைமை மின்னிய கதையாகவே இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பிள்ளைகள் இருந்ததால் விடைத்தாள் திருத்தினார். அதே பிள்ளைகளுக்கு இரவில் கதை சொல்லித்தான் அந்த வரி வளர்ந்தது. தொல்லை எது, வேலை எது என்று அங்கே பிரிக்க முடியவில்லை.

பாடம், பிள்ளைகள், எழுத்து என எதையும் கைவிடாத இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போரில் இழந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். 1916 மார்ச்சில் ஈடித்தை மணந்தார். ஜூனில் லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் சிக்னல் அதிகாரியாகப் பிரான்சுக்குப் போனார். ஜூலை 1 அன்று சோம் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 19,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பள்ளிக் காலத்திலிருந்து கூடவே வந்த நால்வர் கூட்டத்தில் ராப் கில்சன் அன்றே மாண்டார். பேன் பரப்பும் பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு நவம்பரில் டோல்கீன் ஊர் திரும்பினார். டிசம்பரில் இன்னொரு நண்பர் ஜி.பி. ஸ்மித், குண்டுச் சிதறல் பட்ட காயத்தால் இறந்தார். நான் போய்விட்டாலும் நான் சொல்ல நினைத்ததை நீ சொல்ல வேண்டும் என்ற பொருளில் அவர் எழுதிய கடிதம் டோல்கீனிடம் இருந்தது. அப்படி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி வாழ்வார்? ஸ்மித்தின் கவிதைகள் 1918-ல் புத்தகமாக வர அவர் உதவினார். பிறகு பாடம் நடத்தினார், பிள்ளைகளை வளர்த்தார், எழுதினார். தன்னைவிட மேலானவர்கள் என்று அவர் போரில் மதித்தது சாதாரணச் சிப்பாய்களையும் அதிகாரிகளுக்குப் பணிவிடை செய்த ஏவலாட்களையும். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் தோழனைத் தோளில் தூக்கி மலையேறும் சாம் அவர்களின் சாயலில் பிறந்தவன்.

1920-லிருந்து 1943 வரை, கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோல் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். நடுங்கும் கையெழுத்து, வண்ணப் படங்கள், வடதுருவத் தபால்தலை, எல்லாம் அவர் கைவேலை. கடற்கரையில் பொம்மை நாயைத் தொலைத்துவிட்டு அழுத மகன் மைக்கேலைத் தேற்ற ஒரு முழுக் கதையே பிறந்தது. இளைய மகன் கிறிஸ்டோபர், போன தடவை ஹாபிட்டின் கதவு நீலம் என்றீர்களே, இப்போது பச்சை என்கிறீர்களே என்று பிழை பிடித்தபோது, முனகிக்கொண்டே எழுந்து போய்க் குறித்துக்கொண்டார்.

அவரைக் குறையற்றவராக்க நான் விரும்பவில்லை. ஈடித் நன்றாகப் பியானோ வாசிப்பவர், ஆக்ஸ்ஃபோர்டில் தனித்துப்போனார். மாலைகளில் கணவர் நண்பர்களோடு இருந்தார். அந்தத் தனிமையின் விலையை ஈடித்தான் கொடுத்தார். ஆனால் 1968-ல், ஈடித்துக்குப் பிடித்த கடலோர ஊரான போர்ன்மவுத்துக்கு, தனக்குப் பேச்சுத்துணை கிடைக்காது என்று தெரிந்தே டோல்கீன் குடிபோனார். 1971-ல் மனைவி இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

எது நம் வேலை என்ற என் கேள்வி அவரையும் வாட்டியிருக்கிறது. 'லீஃப் பை நிகில்' என்ற அவருடைய சிறுகதையில் ஓர் ஓவியன் ஒரு பெரிய மரத்தை வரையப் பார்க்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் ஓயாமல் உதவி கேட்டு வருகிறார். மனசுக்குள் சலித்துக்கொண்டே போய் உதவுகிறான். படம் முடிவதற்குள், அவன் போயே தீரவேண்டிய ஒரு பயணத்தின் நாள் வந்துவிடுகிறது. அவன் தீட்டிய திரைத்துணி பிறகு ஒரு வீட்டுக் கூரை ஒழுகாமலிருக்கப் பயன்படுகிறது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த மரம் முழுசாய், உயிரோடு நிற்கிறது. அதன் அழகான சில இலைகள் அந்த அண்டைவீட்டுக்காரர் இருந்ததால் துளிர்த்தவை. ஒழுங்காக உழைத்த எல்லோருக்கும் அப்படி ஒரு மரம் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. பெரும்பாலான ஆசிரியர்கள் அச்சில் ஒரு வரிகூட விடாமல் போகிறார்கள். அவர்கள் நடத்திய பாடம் நடத்திய பாடம்தான். அதற்குச் சாட்சியாக ஒரு நாவல் தேவையில்லை.

1973-ல் டோல்கீன் இறந்தபோது, போர்க்காலத்திலிருந்து எழுதிவந்த தொன்மக் கதைகள் முடிவு பெறாமல் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. கதவின் நிறத்தில் பிழை பிடித்த கிறிஸ்டோபர் தானும் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்தார். 1975-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டு அந்தத் தாள்களோடு உட்கார்ந்தார். 1977-ல் 'சில்மரில்லியன்' வந்தது. பிறகு 12 தொகுதிகள். கடைசியாக 2018-ல், தன் 93-ஆம் வயதில் 'கொண்டோலினின் வீழ்ச்சி'யைப் பதிப்பித்தார். சோம் போரிலிருந்து நோயாளியாகத் திரும்பிய காலத்தில் தந்தை எழுதத் தொடங்கிய கதை அது.