வாழிடத் தேர்வும் அறமும்: மன்னார்க் கரையை முன்னிறுத்தி ஒரு சிந்தனை

மனிதன் ஓரிடத்தில் பிறக்கிறான். பல வேளைகளில் வேறோரிடத்தில் வாழ்கிறான். தொழில், திருமணம், கல்வி, ஓய்வு ஆகியவற்றின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்வோர் புதிய வாழிடத்தைத் தேரும்போது இரண்டு அளவுகோல்களைக் கையாளுகின்றனர். ஒன்று மலிவு, மற்றது இனிமை. வாடகை எவ்வளவு, காணியின் விலை யாது என்பன முதற் கேள்விகள். நல்ல தண்ணீர் உண்டா, பாடசாலை அண்மையில் உள்ளதா, அயலவர் எத்தகையோர் என்பன அடுத்த கேள்விகள். இவற்றைக் கேட்பதிற் குற்றமில்லை. வரவுக்குள் செலவை அடக்கி, மனத்துக்கு இசைந்த இடத்தில் வாழ விரும்புவது இயல்பே. ஆயின், இவ்விரு அளவுகோல்களும் போதுமானவையா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

மன்னார்த் தீவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான தாம்போதியும் பாலமும் அதனைப் பெருநிலத்தோடு இணைக்கின்றன. 1990இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னார் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. இருமருங்கும் கடல், ஓயாத காற்று, பனந்தோப்பு, பள்ளிமுனையின் பழம்பெரும் பெருக்கமரம், பேசாலைக் கரையின் மீன் ஆகியன வருவோரைக் கவரத்தக்கவை. கொழும்பின் விலையோடு ஒப்பிடின் காணியும் மலிவு. நகர வாழ்வில் அலுத்த ஒருவர் இங்கு வந்து பார்த்து, ‘விலை குறைவு, இடம் இனிது’ என முடிவு செய்தால் அவரைக் குறைகூற இயலாது.

எனினும், ‘ஏன் மலிவு?’ என்ற கேள்வியை அவர் கேட்பதில்லை. தூரம், வெப்பம், தண்ணீர்ப் பஞ்சம் ஆகியன ஒருபுறமிருக்க, இக்கரையின் வரலாறும் அந்த விலையில் அடங்கியுள்ளது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். அவ்வாறு வெளியேறியோர் ஏறத்தாழ 75,000 பேர் எனக் கணிக்கப்படுகின்றது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி முதலிய ஊர்களின் மக்கள் வீட்டையும் வளவையும் விட்டகன்றனர். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையைச் சென்றடைந்தனர். இவ்விழப்பு ஓரினத்துக்கு மாத்திரம் உரியதன்று. அதே ஆண்டின் போரில் இக்கரைத் தமிழர் பலர் கடல் கடந்து மண்டபம் முகாமை அடைந்தனர். முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் 2007இல் ஊர் நீங்கினர். அவர்தம் ஊரிற் கடற்படைத் தளம் அமைந்தது. ஆயினும், தமிழ் மக்களின் பெயரால் அயலவராகிய தமிழ் பேசும் மக்கள் துரத்தப்பட்டனர் என்பதைத் தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டில் தயங்காது எழுதுதல் வேண்டும். நமக்கு நேர்ந்த கொடுமைகளை மட்டும் எண்ணுவது கணக்காகுமேயன்றி அறமாகாது.

இத்தகைய நிலத்தில் ‘வெறுங்காணி’ என்ற சொல்லே ஐயத்துக்குரியது. ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் நிலவுடைமைக்கு உழைப்பையே அடிப்படையாகக் கண்டார். பிறருக்கும் போதிய அளவு, அதே தரத்தில் எஞ்சியிருக்கவேண்டும் எனவும் நிபந்தனை விதித்தார். அவர் எண்ணியது யாரும் ஆளாத நிலத்தை. ஆளில்லாத நிலம் வேறு. ஆளப்பட்ட பின் ஆளற்றதாக்கப்பட்ட நிலம் வேறு. இருபது ஆண்டுகள் பற்றை மூடிக்கிடந்த வளவைத் துப்புரவு செய்பவன் உழைக்கிறான் என்பது உண்மையே. ஆனால் அங்கே கிணறு வெட்டியவனும் உழைத்தவனே.

நமது சட்டமும் இச்சிக்கலைச் சந்தித்தது. ஆட்சியுரிமை பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், உரியவனுக்கு எதிராகப் பத்தாண்டுகள் இடையறாது ஒரு காணியை ஆண்டவனுக்கு அதன்மீது உரிமை அளிக்கிறது. தன் சொத்தைக் கவனியாதவன் அதனை இழக்கலாம் என்பதே இதன் உட்கருத்து. ஆனால், வரமுடியாதிருந்தவனைக் கவனியாதவன் எனல் தகுமா? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கு விடைகூற முயன்றது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையை நாட முடியாதிருந்தோருக்கு அச்சட்டம் சிறப்பேற்பாடு செய்தது. காலம் தானாகவே உரிமையைத் தோற்றுவிப்பதில்லை. அக்காலத்தில் உரியவன் பேசக்கூடியவனாக இருந்தானா என்பதும் நோக்கற்பாலது. சட்டம் 2016இற் கண்ட இவ்வுண்மையை அறம் என்றும் கூறி வந்துள்ளது.

இனி, வந்தோரைப் பற்றி மட்டுமன்றி ஏற்றோரைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் காண்ட் 1795இல் எழுதிய நூலில், பூமி உருண்டையாதலால் மனிதர் எல்லையின்றிச் சிதறிச் செல்ல இயலாது. ஆகவே ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளவேண்டும் எனக் கருதினார். அவர் வழங்கியது வருகை தரும் உரிமையை மாத்திரமே. தங்கும் உரிமைக்கு ஊராரின் இசைவு வேண்டும் என்றார். புத்தளத்து மக்கள் 1990இல் அவ்வெல்லையைக் கடந்து நின்றனர். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர், உணவு அளித்தனர், கிடுகுக் குடில்கள் எழ இடம் கொடுத்தனர். ஆண்டுகள் சென்றபோது கூலிவேலைக்கும் கிணற்று நீருக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி எழுந்தது. ‘அகதி’ என்ற பெயர் அங்கேயே பிறந்த பிள்ளைகள்மீதும் ஒட்டிக்கொண்டது. இவ்விருபக்கத்தாரில் எவரையும் தீயோர் எனல் பொருந்தாது. ஒருவர்க்கு மலிவாக அமையும் புகலிடத்தின் செலவை மற்றொருவர் செலுத்திக்கொண்டிருக்கிறார் என்பதே இங்கு நாம் கற்கும் பாடம்.

போர் முடிந்தபின் புதியதோர் அறச்சிக்கல் தோன்றியது. தந்தைக்கு எருக்கலம்பிட்டியே ஊர். அங்குள்ள மையவாடியில் அவர்தம் முன்னோர் அடங்கியுள்ளனர். புத்தளத்திற் பிறந்து படித்த மகளுக்கோ அவ்வூர் கேள்விப்பட்ட ஊர் மட்டுமே. 2007இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தால் கல்வீடு கிடைத்த குடும்பங்களும் உண்டு. மகள் அங்கேயே இருக்க விரும்பின் அது முன்னோருக்குச் செய்யும் துரோகமா? தந்தை திரும்பின் அது பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பாழாக்குவதா? உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய ஐக்கிய நாடுகளின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டும் கொள்கைகளுள் 28ஆவது, தாமாக விரும்பித் திரும்புதலையும் வேறிடத்திற் குடியமர்தலையும் ஒருங்கே ஏற்கின்றது. திரும்புதல் உரிமையேயன்றிக் கடமையன்று. திரும்பாதவன் உரிமையற்றவனாகி விடுவதுமில்லை. தந்தையும் மகளும் வெவ்வேறு விடை காணலாம். இருவர் விடையும் நேர்மையானதாக இருக்கலாம். அவர்களுக்காகப் பிறர் விடை கூறுவதே தவறு.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஒவ்வொரு நிலத்தின் பழங்கதையையும் விசாரிக்கப் புகுந்தால் எவரும் எங்கும் குடிபெயர இயலாதன்றோ? மன்னாரே வருவோரும் போவோரும் மிதித்த கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துத் தொழிலாளர் இக்கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் அவர்தம் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் சென்றனர். 2022இல் விலைவாசி தாங்காது தனுஷ்கோடிக்குப் படகேறிய குடும்பங்களும் உள. அவர்கள் தேடிய மலிவு, நகரத்தார் தேடும் மலிவன்று. அது ஒருவேளைச் சோற்றின் விலை. எல்லா ஊரையும் தன்னூராகக் கண்ட கணியன் பூங்குன்றனாரின் மரபில் வந்தோர் குடிபெயர்வைப் பழித்தல் ஆகாது என்பர்.

இம்மறுப்பு வலியதே. ஆயினும் நாம் வேண்டுவது தடையன்று, கடனுணர்வு. எல்லா ஊரும் நமது ஊர் எனக் கூறும் உரிமை, எல்லாரும் நமக்கு உறவினர் என ஏற்பவனுக்கே உண்டு. காணி வாங்குமுன் உறுதியில் உள்ள பெயர்களை மட்டுமன்றி, அங்கு முன்பு வாழ்ந்தோர் யார், ஏன் சென்றனர் என அயலவரை வினாவுதல் வேண்டும். உரியவர் இல்லாமையை உரிமை இல்லாமையாகக் கொள்ளலாகாது. அவர்கள் திரும்பி வருமிடத்து, நமக்கு இழப்பு நேரினும் அவர்பக்கம் சாட்சி சொல்ல ஆயத்தமாயிருத்தல் வேண்டும். வந்து சேர்ந்த ஊரின் சுமையிலும் பங்கேற்றல் வேண்டும்.

மன்னார்த் தீவின் மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. ஒருவர் அளவுமீறி இறைத்தால் அயலவர் கிணறும் உவர்க்கும். புதிதாகக் குடிவருபவர் காணிக்கு மட்டுமே விலை கொடுக்கிறார். அந்நீருக்கு விலை கொடுப்பதில்லை. அதனை இதுகாறும் அளவறிந்து இறைத்துக் காத்தவர்கள் முன்பு அங்கே வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டுள்ளோம் என்று கேட்ட பின்னரே ஓர் இடத்தை மலிவென்றும் இனிதென்றும் கூறுதல் தகும்.