நீக்கப்பட்ட வெற்றிகளும் செய்யப்படாத செயலும்

கடந்துபோன ஒன்றை நடவாததாக்கும் ஆற்றல் கடவுளுக்கேனும் உண்டா என்று இடைக்கால ஐரோப்பாவின் இறையியலாளர்கள் நெடுங்காலம் விவாதித்தனர். அவர்கள் அத்தனை தயக்கத்தோடு அணுகிய ஆற்றலை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2012 ஜூலை 23 அன்று எளிதாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 1998 முதல் 2011 வரை பெற்ற வெற்றிகள் அனைத்தும் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுவதாக அது அறிவித்தது. தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவின் 409 வெற்றிகளில் 111 அதனால் மறைந்து, எண்ணிக்கை 298 ஆயிற்று. அறிவிப்பு வெளிவந்தபோது அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்த எண்ணிக்கை ஏன் இத்தனை பெரிதாகக் கருதப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கால்பந்துப் பயிற்சியாளருக்குள்ள இடத்தை நினைவில் கொள்ள வேண்டும். பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோருள் மிக அதிகம் பெறுபவர் ஆளுநரோ துணைவேந்தரோ அல்லர், கால்பந்துப் பயிற்சியாளரே. 1926இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து, இயேசு சபையினரின் பள்ளியில் இலத்தீன் கற்று, பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்ற பட்டர்னோ, 1950இல் துணைப் பயிற்சியாளராகப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1966இல் தலைமைப் பொறுப்பேற்று, 46 பருவங்கள் அப்பதவியில் இருந்தார். 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் அவருடைய அணி தேசிய வாகையர் பட்டம் வென்றது. எனினும் அவருடைய புகழ் பட்டங்களை மட்டும் சார்ந்ததன்று. ஆட்டத்தில் வெல்லும் மாணவன் வகுப்பறையிலும் தேற வேண்டும் என்ற கொள்கையை அவர் முன்வைத்தார். அது 'பெருஞ்சோதனை' என்று அழைக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்குப் பல மில்லியன் டாலர் நன்கொடையும் அவர் அளித்தார். அங்குள்ள நூலகக் கட்டடம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியது. ஒரு பயிற்சியாளருக்கு இது அரிதான மரியாதை.

அவருடைய உதவியாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றி 1999இல் ஓய்வுபெற்ற ஜெர்ரி சண்டஸ்கி, வறிய சிறுவர்களுக்கான ஓர் அறக்கட்டளையை 1977இல் நிறுவியவர். ஓய்வுக்குப் பின்னும் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் தடையின்றி வந்துபோனார். 2001 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அணியினரின் குளியலறையில் சண்டஸ்கி ஒரு சிறுவனிடம் தகாத முறையில் நடந்ததைக் கண்ட இளம் உதவியாளர் மைக் மெக்குவரி, மறுநாள் காலை பட்டர்னோவின் வீட்டுக்குச் சென்று சொன்னார். பட்டர்னோ அதைத் தம் மேலதிகாரியான விளையாட்டுத் துறை இயக்குநருக்குத் தெரிவித்தார். ஆனால் ஒரு நாள் பொறுத்தே தெரிவித்தார். வார இறுதியில் எவரையும் தொந்தரவு செய்ய விரும்பவில்லை என்பது, பத்தாண்டுகளுக்குப் பின், குற்றச்சாட்டுக்கு முன்னர் சான்றுகளை ஆராயும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி முன் அவர் தந்த விளக்கம். காவல் துறைக்குச் செய்தி போகவில்லை. அதே 2001இல், அக்டோபரில், அவர் 324ஆவது வெற்றியைப் பெற்று அப்போதைய சாதனையை முறியடித்தார். நவம்பரில் அரங்கின் வெளியே அவருக்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது.

வீழ்ச்சி சில நாட்களில் நிகழ்ந்து முடிந்தது. 2011 அக்டோபர் 29 அன்று 409ஆவது வெற்றி. நவம்பர் 5 அன்று சண்டஸ்கி கைது. நவம்பர் 9 அன்று, இன்னும் கூடுதலாகச் செய்திருக்கலாம் என்ற வருத்தத்தை வெளியிட்டு, பருவ இறுதியில் ஓய்வுபெறப்போவதாக பட்டர்னோ அறிவித்தார். அன்றிரவே அறங்காவலர் குழு தொலைபேசி வழியே அவரைப் பதவிநீக்கியது. 2012 ஜனவரி 22 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் சண்டஸ்கி குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டது. ஜூலையில் சிலை அகற்றப்பட்டது, வெற்றிகளும் நீக்கப்பட்டன. இறந்தவரின் நல்வாழ்வை அவருக்குப் பின் நிகழ்பவை தீண்டுமா என்று அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் எழுப்பிய வினா இத்தனை துல்லியமாகப் பொருந்தும் வாழ்க்கைகள் அதிகமில்லை.

சட்டத்தின் பார்வையில் பட்டர்னோ தவறேதும் செய்யவில்லை. அன்றைய பென்சில்வேனியச் சட்டம், நிறுவனத்தில் பணிபுரிபவர் தம் மேலாளரிடம் தெரிவித்தால் போதும் என்றது. அரசு வழக்கறிஞர்கள் அவரைக் குற்றஞ்சாட்டவுமில்லை. எஞ்சியிருந்தது, கத்தோலிக்கராகிய அவர் சிறுவயது முதல் அறிந்திருக்கக்கூடிய ஒரு கருத்து: செய்த பாவத்தோடு, செய்யத் தவறியதும் பாவமே என்பது. திருப்பலியில் சொல்லப்படும் பாவ அறிக்கை மன்றாட்டு இவ்விரண்டையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறது. செய்யாமையின் பாவத்தை 13ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த தாமஸ் அக்குவினாஸ் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார். ஒன்றைச் செய்யாதே என்னும் விலக்கு எக்கணத்திலும் கட்டுப்படுத்தும்; ஒன்றைச் செய் என்னும் விதியோ எப்போதும் செல்லுபடியாவதாயினும், ஒவ்வொரு கணத்திலும் செயலைக் கோருவதன்று. உரிய காலம் வரும்போது செய்யாதிருத்தலே பாவமாகிறது.

அப்படியானால் பட்டர்னோவுக்கு உரிய காலம் எது? கேட்ட சனிக்கிழமையா, சொன்ன ஞாயிற்றுக்கிழமையா? அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதில் பல்கலைக்கழகம் விசாரணைக்கு அமர்த்திய லூயிஸ் ஃப்ரீயின் அறிக்கையும் குடும்பத்தினர் 2013இல் வெளியிட்ட மறுப்பறிக்கையும் முரண்படுகின்றன.  ஆனால் முதல் இரண்டு நாட்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் செய்தது ஏறக்குறைய சரியே. சொன்ன செய்தி என்னவாயிற்று என்று கேட்பதற்கு அதன் பின் பத்தாண்டுகள் இருந்தன. அந்த ஆண்டுகளில் சண்டஸ்கி அதே வளாகத்தில் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு நாளும் நேரமும் உண்டு, முடிவில் ஓர் எண் உண்டு. செய்யாமைக்கு அவை எதுவுமில்லை. ஒவ்வொரு காலையிலும் அது புதிதாகத் தொடங்கியும் எவர் கண்ணுக்கும், தவறுபவரின் கண்ணுக்கும்கூட, ஒரு நிகழ்வாகத் தோன்றுவதில்லை. செயலுக்குப் பின் வரும் உறுத்தல் செய்யாமைக்குப் பின் பெரும்பாலும் வராததற்கு இதுவே காரணமாகலாம்.

இங்கே 'அறநெறி நற்பேறு' என்னும் கருத்தும் எதிர்ப்படும். பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய மெய்யியலாளர்கள் 1976இல் விவாதத்துக்குக் கொண்டுவந்த இக்கருத்தின்படி, ஒருவர் மீதான நம் அறத்தீர்ப்பு அவர் கட்டுப்பாட்டில் இல்லாத சூழ்நிலைகளையும் சார்ந்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமைக் கதவுத்தட்டல் வேறொரு பயிற்சியாளரின் வீட்டில் கேட்டிருந்தால் பட்டர்னோ மாசற்றவராகவே இறந்திருப்பார். அந்த மற்றவரும் அதையே செய்திருக்கக்கூடும். உண்மைதான். ஆயினும் பத்தாண்டு மௌனத்தைப் பேறின் கணக்கில் எழுத இயலாது. சூழ்நிலை ஒருவரைத் தேடி வருவது ஒரு முறை. அதன் பின் நாள்தோறும் அதைக் கடந்து செல்பவர் அவரே.

வேறொரு விளக்கமும் உண்டு. பள்ளியில் வெர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தை இலத்தீனில் பயின்றது தம்மை உருவாக்கியது என்று பட்டர்னோ கூறிவந்தார். அதன் நாயகன் ஈனியஸ் தன் விருப்பங்களைக் கைவிட்டு, தந்தைக்கும் தெய்வங்களுக்கும் தன் மக்களுக்கும் ஆற்ற வேண்டிய கடமையைச் சுமப்பவன். அக்கடமைக்காக டைடோ என்னும் அரசியைத் துறக்கிறான், அவள் மாய்கிறாள். தம் நிறுவனத்தின் மீதான பற்றே பட்டர்னோவை உயர்த்தியது, அதுவே தனி ஒரு சிறுவனைக் காணாதவாறு அவர் கண்ணை மறைத்தது என்று எழுதிவிடத் தோன்றும். இவ்விளக்கம் அழகானது, அதனாலேயே ஐயத்துக்குரியது. காவியம் படித்தார்களோ இல்லையோ, பல்கலைக்கழகத் தலைவரும் துணைத்தலைவரும் இயக்குநரும் அதே வழியில்தான் நடந்தனர். பின்னர் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர், ஒருவர் தண்டிக்கப்பட்டார்.

வெற்றிகளை நீக்கும் தண்டனை பொதுவாக, தகுதியற்ற வீரரை ஆடவிட்ட அணிகளுக்கு உரியது. அவ்வகையில் நீக்கப்பட்ட ஆட்டத்தில் எதிரணியின் தோல்வி அப்படியே நிற்கும். தோற்றவர் உண்டு, வென்றவர் இல்லை என்ற விந்தையான உலகத்தைப் பதிவேடு காட்டும். இந்த 111 ஆட்டங்களோ முறைகேடாக வெல்லப்பட்டன என்று எவரும் சொல்லவில்லை. ஆதரவாளர்கள் எண்ணுக்காகப் போராடினர், வழக்கு நடந்தது, 2015 ஜனவரியில் ஓர் உடன்பாட்டின்படி 111ம் திரும்ப வந்தன. எழுத்தில் போனது எழுத்தில் வந்தது.

11ஆம் நூற்றாண்டின் இத்தாலியத் துறவி பீட்டர் டேமியன், நடந்ததை நடவாததாக்க இயலுமா என்னும் அந்த வினாவை எழுப்பியபோது போரையோ வெற்றியையோ எண்ணவில்லை. சிதைக்கப்பட்ட கன்னிமையைக் கடவுளாலும் மீட்டளிக்க இயலாது என்று புனித ஜெரோம் எழுதியதை மறுப்பதற்காகவே அவர் அதில் இறங்கினார். உடலளவிலும் புண்ணிய அளவிலும் இறைவன் அதை மீட்கவல்லவன் என்பது அவர் நிலைப்பாடு. அக்குவினாஸ், நிகழ்ந்ததை நிகழாததாக்குவது முரண்பாடு, ஆகவே அது வல்லமையின் எல்லைக்குள் வராது என்று பின்னாளில் மறுத்தார். யார் சரி என்பது ஒருபுறமிருக்க, மீட்க வேண்டியது தீங்குக்குள்ளானவரின் வாழ்வு என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தனர். என்.சி.ஏ.ஏ.வின் பதிவேட்டில் அதற்கென ஒரு பத்தி இருந்ததில்லை.

பென்சில்வேனிய சட்டமன்றம் 2014இல் வேறொன்றைச் செய்தது. சிறார் மீதான வன்கொடுமையை அறிய நேரும் பொறுப்பாளர் மேலாளரிடம் சொல்வதோடு நிற்கலாகாது, அரசிடம் தாமே உடனடியாக நேரடியாகத் தெரிவிக்க வேண்டும் என்று விதியைத் திருத்தியது. அக்குவினாஸ் உரிய காலம் என்று பொதுவாக விட்டுச் சென்றதை அச்சட்டம் ஒரு கணத்தோடும் ஒரு நபரோடும் பிணைத்தது. கேட்டவரே சொல்ல வேண்டும், வார இறுதி முடியும் வரை காத்திருக்கலாகாது.