கம்பைலர் நம்பும் சொல்

கணினிப் பார்வைக்கு அதிகம் புழங்கும் நூலகம் ஓபன்சிவி. 1999இல் இன்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி தொடங்கியது. முதலில் அதை சி மொழி வழியாக அழைத்தார்கள். 2009இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து சி பிளஸ் பிளஸ் முன்னுக்கு வந்தது. ஹாஸ்கெல் போன்ற சார்புநிலை மொழியிலிருந்து இதை அழைக்க நடுவில் ஒரு பிணைப்பை எழுத வேண்டியிருக்கிறது. பிணைப்பு எழுதுவது பார்வைக்கு வெறும் பொறியியல் வேலை. அதற்குள் ஒரு பழைய அளவையியல் கேள்வி கிடக்கிறது: உள்ளே போய்ப் பார்க்க வழியில்லாத ஒன்றைப் பற்றிப் பிறர் சொல்லும் சொல் எப்போது அறிவாகும்?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் அருணந்தி சிவாச்சாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவை இயலில் இதற்கு இடம் வகுத்திருக்கிறார். அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, பத்துவரை எண்ணுவார் உண்டு என்று காட்டி, அவை அனைத்தும் காட்சி, கருதல் (ஊகித்தறிதல்), உரை (நம்பத்தகுந்தவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்பது அவர் முடிவு. மணிமேகலையில் அறவண அடிகள் எடுத்துரைக்கும் பௌத்த அளவை இன்னும் சிக்கனமானது. அதில் காட்சியும் கருதலும்தான். சொல்லை நம்புவதும், சொன்னவர் தகுதியிலிருந்து ஒன்றைக் கருதிக்கொள்வதே என்று அது கருதலுக்குள் போய்விடும். தொழிலாளர் லயத்துக்கு மேலே மாரியம்மன் கோயிலும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் விகாரையுமாக இருக்கும் இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தேயிலைத் தோட்டங்களில் இவ்விரு மரபுகளும் அடுத்தடுத்து வாழ்பவை.

ஹாஸ்கெலில் ஒரு மதிப்பு பிறந்தபின் மாறுவதில்லை. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை; இதைத் தூய்மை என்பார்கள். இந்த உறுதியின் மேல்தான் கம்பைலர் தன் உரிமைகளை எடுத்துக்கொள்கிறது: தேவைப்படும்போது கணிக்கும், வரிசையை மாற்றும், ஒருமுறை கணித்ததைப் பல இடத்துக்குக் கொடுக்கும். ஹாஸ்கெலிலேயே எழுதிய சார்பின் உள்ளே என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியும். தூய்மையை அது கருதலால் அறிகிறது. அந்நிய மொழிச் சார்புக்கு அப்படியில்லை. பிணைப்பாளர் எழுதிய ஒற்றை அறிவிப்பு வரி மட்டுமே அதன் கையில் இருக்கிறது. ‘இது தூய்மையானது’ என்று அந்த வரி சொன்னால் சொன்னதுதான். இது உரை அளவை; பிணைப்பாளர் நிற்பது நம்பத்தகுந்தவனான ஆப்தனின் இடத்தில். (ஆகமத்தையும் ஒரு கையேட்டுப் பக்கத்தையும் ஒரே தராசில் வைப்பதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்தாந்தத்தில் பழுதற்ற உரை முற்றறிவுள்ள இறைவனுடையது. இங்கே ஒத்திருப்பது அமைப்பு மட்டும்.)

உரையை நம்பி வாழ்வது என்னவென்று அதே தோட்டங்களின் கொழுந்து மடுவத்தில் நிற்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. சாக்கு தராசில் தொங்குகிறது, முள் ஆடி நிற்கிறது; அதுவரை காட்சி. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தபின் செக்ரோல் என்ற பதிவேட்டில் விழும் எண் கணக்கப்பிள்ளையின் சொல். முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாள் கூலியா அரை நாள் கூலியா என்பதை மாதக் கடைசியில் தீர்மானிப்பது அந்த எண்தான். கொழுந்து அதற்குள் ஸ்டோருக்குப் போய்த் தூளாகிவிட்டிருக்கும். திரும்ப நிறுக்க முடியாது.

அதே கொழுந்தைப் படமெடுத்து, இரண்டு இலையும் மொட்டுமாக எத்தனை, முற்றிய இலை எத்தனை என்று பிரிக்கும் ஒரு நிரலை எண்ணிப் பார்க்கலாம். முதலில் இலை வெள்ளை, பின்னணி கறுப்பு என்று படம் இருநிறமாகிறது. வெள்ளையின் மதிப்பு 255. அடுத்து இரண்டு கணக்குகள். ஒன்று 255ஆக இருக்கும் புள்ளிகளை எண்ணிப் பரப்பைச் சொல்லும். மற்றது ‘ஃபைன்ட்கான்டூர்ஸ்’ என்ற சார்பைக் கொண்டு இலைகளின் விளிம்புகளைத் தேடும். 3.2க்கு முந்திய ஓபன்சிவியில் இந்தச் சார்புக்கு ஒரு குணம் உண்டு: விளிம்பைத் தொடர்ந்து போகும்போது தன் குறிகளை வந்த படத்தின் மேலேயே எழுதிவிடும். பார்த்த பார்வையில் பார்க்கப்பட்டது கெட்டுப்போகும். இதைத் தூய சார்பு என்று பிணைப்பாளர் அறிவித்துவிட்டால், பரப்பை முதலில் கணித்தால் சரியான விடை, விளிம்பை முதலில் தேடினால் பிழையான விடை. எது முதல் என்பது கம்பைலரின் விருப்பம். நிரலில் ஒரு வரியும் மாறாமல் விடை மாறும். தேடுகிறவர் பிழையைத் தன் கணக்கில்தான் தேடிக்கொண்டிருப்பார்.

அழைக்குமுன் படத்தைப் பிரதி எடுப்பது எளிய பரிகாரம். 12 மெகாபிக்சல் வண்ணப்படம் ஒன்று நினைவகத்தில் ஏறத்தாழ 36 எம்பி. கணக்கின் பத்துப் படிகளிலும் பிரதி எடுத்தால் 360 எம்பி. 1994இல் லாஞ்ச்பரியும் பெய்டன் ஜோன்ஸும் காட்டிய வழி நுட்பமானது: ஒரு வேலிக்குள் மாற்றத்தை அனுமதித்து, அது வெளியே கசியாதபடி வகைகளாலேயே தடுப்பது. கசியவில்லை என்பதைக் கம்பைலர் இப்போது கருதலால் அறிகிறது. வேலிக்குள் நடக்கும் அந்நிய அழைப்பு வேறெதையும் தொடவில்லை என்பது அப்போதும் உரைதான். நெதர்லாந்தில் சைக்கிள் தரிப்பிடங்களுக்குக் கண்டறியும் கருவி செய்யும் லுமிகைட் நிறுவனத்தின் ஹாஸ்கெல் பிணைப்பு, விளிம்பு தேடும் சார்புக்கு மாறக்கூடிய படத்தையே கேட்கிறது. நேர்மையான சொல் அது.

பௌத்தர் வழியில் போகிறவர், சொன்னதை ஏற்காமல் சொன்னவரைச் சோதிப்பார். 2000இல் கிளாசெனும் ஹியூஸும் வெளியிட்ட குயிக்செக் அப்படிப்பட்ட கருவி: நூற்றுக்கணக்கில் உள்ளீடுகளைத் தானே உருவாக்கி, அழைப்புக்கு முன்னும் பின்னும் படம் ஒன்றாகவே இருக்கிறதா என்று ஒப்பிடலாம். கிடைப்பது வலுவான கருதல். சோதிக்காத உள்ளீடு எப்போதும் மிஞ்சும் என்பதால் அதற்கு மேலே போகாது.

சொல் மெய்யாகவும் குறையாகவும் ஒருங்கே இருக்கலாம். சிவனொளிபாதமலை உச்சியின் ஒரே பாறைக்குழியில் பௌத்தர் புத்தரின் பாதத்தையும் சைவர் சிவனின் பாதத்தையும் முஸ்லிம்கள் ஆதமின் பாதத்தையும் காண்கிறார்கள். குழியின் நீள அகலத்தில் எவருக்கும் வேறுபாடில்லை. அதுபோல லுமிகைட் பிணைப்பின் வகை படத்தின் அளவு, சேனல் எண்ணிக்கை, ஒவ்வொரு மதிப்பின் ஆழம் ஆகியவற்றைச் சொல்லும். சேனல்களின் வரிசையைச் சொல்லாது. ஓபன்சிவி வண்ணங்களை நீலம், பச்சை, சிவப்பு என்று அடுக்குகிறது. பெரும்பாலான மற்றக் கருவிகள் சிவப்பிலிருந்து தொடங்குகின்றன. இரண்டிலும் பச்சை நடுவில். பச்சைச் சேனலை மட்டும் பார்க்கும் நிரல் வரிசை மாறியதை உணராமலே ஓடும். தண்டின் பழுப்பைப் பிரிக்கத் தொடங்கும் நாளில்தான் அந்தப் பழுப்பு நீலம் பாய்ந்து நிற்கும். வரிசையையும் வகைக்குள் கொண்டுவரப் பிணைப்பாளரால் முடியும். அப்போதும் கோப்பிலிருந்து படத்தை வாசிக்கும் முதல் வரியில், இது நீலத்தில் தொடங்குகிறது என்ற பெயர்ச்சீட்டை அவரே கையால் ஒட்ட வேண்டும்.