புகை கண்டு நெருப்பறிதல்

பங்குனித் திங்களில் ஒரு நாட் பிற்பகல், கோவிற்பட்டியினின்று கழுகுமலைக்குச் செல்லும் வழியில், மறைக்கும் மரமும் மேடும் அரிதாகிய கரிசற் பரப்பின் எல்லையில் ஒரு புகை எழுந்து நிற்பதைக் கண்டோம். உடன்வந்த முதியவர், "பருத்திமார் எரிக்கிறார்கள்" என்றார். வண்டி செலுத்திய இளைஞரோ, "இல்லை தாத்தா, அது கரிமூட்டம், சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டிருக்கிறார்கள்" என்றார். பின்னிருந்த மற்றொருவர் அது செங்கற் காளவாசலே எனச் சாதித்தார். கழுகுமலைக் குன்று கண்ணுக்குத் தோன்றும்வரை அவ்வழக்கு ஓயவில்லை. ஆயினும், மூவருள் ஒருவரேனும் அங்கே நெருப்பில்லை என்று கூறினாரல்லர்.

சித்தாந்த நூல் பயில்வார் முதற்கட் கற்பது அளவை. அருணந்தி சிவாசாரியர் தமது சிவஞான சித்தியாரை அளவையிலே தொடங்கி, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்கினார். புகையாகிய காரியங் கண்டு நெருப்பாகிய காரணந் துணிதல் கருதலின்பாற்படும் என்பதை எம் மாணாக்கர் மனப்பாடமாகவே கூறுவர். காரியம் காரணத்தின் உண்மையைக் காட்டும். அக்காரணம் இன்ன தன்மைத்து என்பதை எவ்வளவு காட்டும்? இவ்வினாவை அவர்கள் கேட்பதும் அரிது. அவர்களைக் கேட்பிக்க யாம் முயல்வதும் அரிது. இதனை ஆராய்தற்கு, கருதலளவையையே ஊன்றுகோலாகக் கொண்டு இக்காலத்து மிக நெடுந்தூரம் நடப்பாராகிய வானூலாரிடஞ் செல்வாம்.

ஞாயிற்றினும் ஏறத்தாழ எட்டு மடங்கிற்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன் தன் வாழ்நாளிறுதியில் வெடித்தழியும். அதன் நடுவில் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாகி, அதுவும் எரிந்து மேன்மேலுந் திரிந்து, முடிவில் இரும்பாகி நிற்கும். இரும்பு மேலும் எரிந்து வெப்பந் தருவதன்று. இவ்வாறு திரண்ட நடுவுடல் எவ்வளவு நிறையைத் தாங்கும் என்பதற்கு ஓர் எல்லையுண்டு. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போது கணிக்கத் தொடங்கிய அவ்வெல்லை ஞாயிற்றின் நிறையினும் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதனைக் கடந்த நடுவுடல் ஒரு நொடிக்குங் குறைந்த பொழுதில் உள்ளிடிந்து வீழும். மேலுடல் புறத்தே வீசப்படும். யாம் காண்பது வீசப்பட்ட மேலுடலின் ஒளியையே. உள்ளே நிகழ்ந்தது எவர் கண்ணுக்கும் புலனாவதன்று.

அற்றேல், அவ்விண்மீன் எத்துணைப் பெரிது, எவ்வளவு ஆற்றலோடு வெடித்தது என்பவற்றை எங்ஙனம் அறிவர் எனின், வானூலார் கணிப்பொறியில் ஒரு விண்மீனை எண்களாலேயே சமைப்பர். அதற்கு ஒரு நிறை, ஒரு பருமை, ஓர் ஆற்றல் என்பவற்றைத் தாமே கற்பித்துக் கொண்டு, பின்னர் அதனை வெடிக்கச் செய்து, நாடோறும் அஃது எவ்வளவு ஒளிரும், எவ்வளவு விரைவாய் விரியும் என்று கணிப்பர். கணித்த ஒளிக்கோடு வானிற் கண்ட ஒளிக்கோட்டோடு பொருந்தும்வரை எண்களை மாற்றுவர். இதனையே மாதிரி என்பர்.

இவ்வொளிக்கோட்டின் போக்கு நுணுகி நோக்கத்தக்கது. ஹைட்ரஜன் மேலாடை குறையாத செவ்விண்மீன் வெடித்தால், அதன் ஒளி ஏறத்தாழ நூறு நாள் ஒரே அளவில் நிற்கும். பொருளோ நொடிக்குப் பல்லாயிரங் கிலோமீட்டர் விரைவில் விரிந்தோடுகின்றது. விரிவது குளிரவேண்டும், குளிர்வது மங்கவேண்டும், இஃது ஏன் மங்கவில்லை? விரியும் வாயு ஏறத்தாழ ஆறாயிரம் பாகை வெப்பத்திற்குக் குளிர்ந்தவுடன் பளிங்குபோல் ஒளியை உள்விடுவதாகின்றது. ஆதலின் ஒளிவிடும் முகம் குளிர்ந்த புறப்பகுதியை விட்டு, வெப்பமிக்க உட்பகுதிக்குப் படிப்படியாகப் பின்வாங்குகின்றது. கீழ்நோக்கி ஓடும் ஆற்றில் மேல்நோக்கி நடப்பவன் நின்றவிடத்தே நிற்பவன்போலத் தோன்றுவதை ஒக்கும் இது. பொருள் வெளியே ஓட, முகம் உள்ளே நடக்க, பருமையும் வெப்பமும் பெரிதும் மாறாமையின் ஒளியும் நிலைநிற்கின்றது. விரிவின் விரைவை நிறமாலையில் கோடுகள் நீலத்தின்பால் விலகும் அளவுகொண்டு அறிவர்.

முகம் உள்ளே சென்று முடிந்தபின் ஒளி திடுமென வீழ்ந்து, பின்னர் ஒரு சீரான சரிவில் மெல்லக் குறையும். வெடிப்பிற் பிறந்த நிக்கல் ஆறு நாளிற் பாதியளவு கோபால்ட்டாகவும், கோபால்ட் 77 நாளிற் பாதியளவு இரும்பாகவும் மாறுவது நிலவுலகத்து ஆய்வுச்சாலையிலேயே அளந்தறியப்பட்டது. வானிலுள்ள சரிவும் அக்கணக்கோடே பொருந்துகின்றது. சரிவு எவ்வளவு ஒளியில் நிகழ்கின்றதோ அவ்வளவு நிக்கல் பிறந்ததென்பது துணிபு.

இவற்றிற்கெல்லாம் உரைகல்லாயது, 1987-ஆம் ஆண்டு பெப்ருவரி 24-ஆம் நாள் சிலி நாட்டு லாஸ் கம்பானாஸ் மலையில் இயன் ஷெல்டன் கண்ட வெடிப்பு. அஃது ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பெரிய மகெல்லன் மேகத்தில் நிகழ்ந்தது. கோவிற்பட்டியினின்று நோக்குவார்க்கு அவ்விடம் தென்வானத்தில் நீட்டிய கையின் முட்டியளவே, ஏறத்தாழ 11 பாகையே, மேலெழும். காவலூரில் அதனினும் தாழ்வு. ஆயினும் காவலூர் வானாய்வகத்தார் அதன் நிறமாலையைப் பதிந்தனர். முதல்நாளே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்நாட் சோவியத்து நாட்டிலும் இருந்த நிலத்தடிக் கருவிகள் ஏறத்தாழ 25 நியூட்ரினோத் துகள்களை உணர்ந்திருந்தன. நடுவுடல் இடிந்து வீழ்ந்தமைக்கு அவையே சான்று. கோபால்ட்டினின்று பிறக்கும் காமாக் கதிரையும் அவ்வாண்டே விண்கலத்துக் கருவி நேரே உணர்ந்தது. கருதலாற் கொண்டது காட்சியான் உறுதிப்பட்டமை காண்க.

ஆயினும், அவ்வெடிப்பே வானூலாரை நாணவும் வைத்தது. வெடிப்பது செவ்விண்மீனாகவே இருத்தல் வேண்டும் என்று பெரும்பாலார் எண்ணியிருந்தனர். பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தபோது, அவ்விடத்தில் இருந்தது சாண்டுலீக் என்பார் முன்னரே பட்டியலிற் குறித்த ஒரு நீல விண்மீன்! ஒளியும் எதிர்பார்த்தவாறு நில்லாது, மூன்று மாதம் மெல்ல ஏறி உச்சமுற்றது. உடல் சிறிதாயிருந்தமையின் வெப்பத்திற் பெரும்பகுதி விரிதற்கே செலவாயிற்று என்று பின்னர் மாதிரியைத் திருத்தினர். வழுவை மறையாது எழுதித் திருத்திய அவ்வொழுக்கத்தை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

இனி, எம் வினாவிற்கு வருவாம். கோவிற்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளர் ஒரு குச்சி சரியாகப் பற்றாவிடில், மருந்து ஈரமோ, குச்சி ஈரமோ என்று மற்றொன்றை உரசிப் பார்த்துத் தெளிவர். வானூலார்க்கு அவ்வாய்ப்பில்லை, வெடித்த விண்மீன் மறுமுறை வெடிப்பதில்லை. 2019-இல் ஆய்வாளர் சிலர் கணித்துக் காட்டியது இது: நிறை மிகுந்து, உடல் சிறுத்து, ஆற்றல் பெருகிய ஒன்றும், நிறை குறைந்து, உடல் பருத்து, ஆற்றல் தணிந்த ஒன்றும் ஏறத்தாழ ஒரே ஒளிக்கோட்டையும் ஒரே விரைவையும் தரக்கூடும். பருத்திமாரும் கரிமூட்டமும் ஒரே புகையைத் தருதல் போல்வது இது. 2023-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் ஜப்பானியராகிய கொய்ச்சி இட்டகாகி கண்ட வெடிப்பை, லடாக்கின் ஹான்லேயிலுள்ள இமயச் சந்திரா தொலைநோக்கியாலும் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தாலும் நம் நாட்டாரும் ஆராய்ந்தனர். வெடிக்குமுன் இருந்த விண்மீனின் படங்களே கையிலிருந்தும், அதன் நிறையை ஒரு சாரார் ஞாயிற்றினும் ஒன்பது மடங்களவென்றும், மற்றொரு சாரார் இருபது மடங்களவென்றும் கணித்தனர். அதனைச் சூழ்ந்த தூசு எவ்வளவு ஒளியை மறைத்ததென்பதில் ஒற்றுமை யின்மையே பெரிதுங் காரணம்.

அங்ஙனமாயின், மாதிரியெல்லாம் வெறும் ஊகமென்று தள்ளிவிடலாமே எனின், அற்றன்று. நிக்கல் எவ்வளவு என்பதில் இத்துணைப் பிணக்கில்லை. நிறமாலையில் ஹைட்ரஜன் கோடே காணாவிடத்து, அவ்விண்மீன் வெடிக்குமுன்னரே தன் மேலாடையை இழந்தது என்பதிலும் ஐயமில்லை. சித்தியார் கூறும் ஏது மூன்றனுள் அநுபலத்தி இதுவே. ஒரே மாதிரியினுள் உறுதியாயதும் உறுதியில்லாததும் உடனுறைகின்றன. இன்னது துணிபு, இன்னது ஐயம் என வரம்பிட்டுரைப்பதே அறிவுடையார் கடன்.

இவ்வரம்பில் யாமும் ஒருமுறை வழுவியதுண்டு. கரிசற் சீமையில் ஓர் ஊரவையிற் பேசிய அன்பரொருவர், வெடிக்கும் விண்மீனில் ஐந்தொழிற் கூத்தை வானூலார் கண்ணாரக் கண்டுவிட்டனர் என்றும், ஆதலின் நம் கொள்கை மெய்ப்பிக்கப்பட்டது என்றும் முழங்கினார். அவையோர் ஆரவாரித்தனர். தலைமை வகித்த யாம் வாளாவிருந்தோம். கூட்டம் முடிந்தபின் கல்லூரி மாணாக்கரொருவர் அணுகி, "ஐயா, அவர்கள் கண்டது ஒளியை மட்டுந்தானே?" என்று பணிவுடன் வினவினார். விடையளிக்க எமக்கு நாவெழவில்லை. கருதலைக் காட்சியென்று கூறுதல் பொய். அதனை அவை மகிழ்ச்சிக்காகப் பொறுத்தலும் பொய்க்கு உடன்படுதலே. 1987-க்கு முன் செவ்விண்மீனோடு தம் சமயக் கருத்தைப் பிணித்திருந்தார் ஒருவர் உளராயின், நீல விண்மீன் தோன்றிய அன்றே அவர் முடிச்சை அவிழ்க்க நேர்ந்திருக்கும். உரையளவைக்கு இத்தகைய புறத்தூண் வேண்டுவதன்று. உலகமாகிய காரியங் கண்டு கருத்தாவின் உண்மையைக் கருதலால் நிறுவும் யாம், அவன் இயல்பை அருணூலால் அன்றோ அறிகின்றோம்? இவ்விரண்டையும் கலந்துரைத்தால் இரண்டும் கெடும். அம்மாணாக்கருக்கு அன்று கூறாத விடையை ஈண்டு எழுதுகின்றோம்.

1987-இன் வெடிப்பில் இடிந்து வீழ்ந்த நடுவுடல் நியூட்ரான் மீனாய் நின்றிருத்தல் வேண்டும் என்று நியூட்ரினோக்களைக் கொண்டு அன்றே கருதினர். ஆண்டுகள் பல தேடியும் அஃது அகப்படவில்லை. 2024-இல், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியாற் பெற்ற நிறமாலையில், வெடிப்பின் நடுவே மின்னூட்டம் பெற்ற ஆர்கானும் கந்தகமும் ஒளிர்வதைக் கண்டனர். அவற்றை அங்ஙனம் ஒளிர்விப்பது நடுநின்ற அம்மீனே என்று கருதினர். ஆனால், அம்மீனின் வெம்மை நேரே தாக்கியதா, அதனைச் சூழ்ந்து சுழலும் துகட்காற்றுத் தாக்கியதா என்பது அவ்வொளியால் தெளியப்படவில்லை. ஆதலின் அவர்கள் இரண்டையுமே எழுதிவைத்தனர்.