குற்றம் அறியாத ஜீவனைத் தண்டிக்கலாமா?

வீட்டு எஜமானர் மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறார். வாசல் திண்ணையில் அவருடைய செருப்பு வாரறுந்து கிடக்கிறது. காலை பத்து மணிக்கு அதைக் கடித்துப் போட்ட நாய்க்குட்டி, எஜமானரைக் கண்ட மகிழ்ச்சியில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. அவர் அதன் கழுத்தைப் பிடித்து, செருப்பை முகத்துக்கு நேரே காட்டி, நாலு அடி வைக்கிறார்.

அன்பார்ந்த வாசகர்களே, இது நீதியான தண்டனைதானா? ஒளிப்பானேன்? அந்த எஜமானர் நானே. செருப்பும் புதுச் செருப்பு.

கடித்ததற்குத்தானே அடித்தீர் என்பீர்கள். அடித்தவனுக்கு அது தெரியும், அடிபட்டதற்குத் தெரியுமா? நாய் ஒரு செயலையும் அதன் பலனையும் சேர்த்து அறிய வேண்டுமானால், இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி வரவேண்டும். ஓரிரு நொடிக்கு மேல் இடைவெளி ஆகாது. கடித்ததற்கும் அடிபட்டதற்கும் நடுவே எட்டு மணி நேரம். அதற்குள் அது உண்டது, உறங்கியது, காக்கையைத் துரத்தியது. அடி விழுந்த நொடியில் அது செய்துகொண்டிருந்தது என்ன? என்னை வரவேற்றது. அதற்குத்தான் அடி கிடைத்தது.

மறுநாள் என் காலடிச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிற்று. "பார்த்தாயா, தன் குற்றம் அதற்கே தெரிகிறது" என்று மனைவியிடம் பெருமையாய்ச் சொன்னேன். இப்படிச் சொல்லாத நாய்க்காரர் யார்?

அமெரிக்காவில் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அம்மையார் இதைச் சோதித்து, 2009-ல் வெளியிட்டார். பதினான்கு வீட்டு நாய்கள். எஜமானர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, தின்னாதே என்று சொல்லிவிட்டு வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றது என்றோ தின்னவில்லை என்றோ அவருக்குச் சொல்லப்படும். சில வேளை அது பொய்யாகவும் இருக்கும். தின்றது என்று கேட்டவர் நாயைத் திட்டுவார். தலை குனிந்து, காதை மடித்து, கண்ணை ஒதுக்கும் அந்தக் 'குற்ற முகம்' தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் ஒன்றுபோலவே வந்தது. திட்டு வாங்கியபோதுதான் அதிகமாய் வந்தது. அதிலும், ஒன்றும் தின்னாமல் திட்டு வாங்கிய நாயிடம் மிகுதியாய் இருந்ததாம்! நான் மனசாட்சி என்று எண்ணியது வெறும் பயமே.

முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் பெரிய குற்றம் இல்லை என்று ஞானோபதேச வகுப்பிலேயே படித்தோம். அதை நாயின் விஷயத்தில் மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் அடக்காமல் விட்டுவிடுவதா? அல்ல. தபால்காரரைத் துரத்தும் நாயும், கிழவிமேல் பாய்ந்து தள்ளும் நாயும் அயலாருக்குத் தீங்கு. கடைசியில் அந்த நாயே ஆயுள் முழுதும் சங்கிலியில் கிடக்கும். ஆதலால் பழக்குவது நம் கடமை. ஆனால் அதில் பாதி வேலை நம்மைப் பழக்குவதே. செருப்பை மேலே எடுத்து வைத்து, கடிக்க வேறொன்று கொடுக்க வேண்டும். தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே கொண்டுபோக வேண்டும். அங்கே சிறுநீர் கழித்தால் அந்த நொடியிலேயே தட்டிக்கொடுக்க வேண்டும். மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடிவது அரிது. நாம் படுத்துத் தூங்கிவிட்டுத் தரை நனைந்ததென்று கோபித்தால், தவறு யாருடையது?

இன்னொன்று. சாப்பாட்டு வேளையில் நாய் பக்கத்தில் வந்து முகத்தையே பார்க்கிறது. ஒன்பது நாள் இல்லை என்கிறோம். பத்தாம் நாள் பாட்டியம்மாள், ஐயோ பாவம் என்று ஒரு துண்டு அப்பம் போடுகிறாள். விடாமல் கெஞ்சினால் என்றாவது கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. தினமும் கொடுத்ததை நிறுத்தினால் கெஞ்சும் வழக்கம் சீக்கிரம் போகும். எப்போதாவது கொடுத்ததை நிறுத்தினால் இலேசில் போகாது. பதினோராம் நாள் அது கெஞ்சும்போது தாத்தா காலால் தள்ளுகிறார். ஒரே செயலுக்கு நேற்று அப்பம், இன்று உதை! ஒருவர் 'உட்கார்' என்கிறார், ஒருவர் 'இரு' என்கிறார், பிள்ளைகள் ஆங்கிலத்தில் அதட்டுகிறார்கள். பிறகு நாய்க்குப் புத்தியில்லை என்று எல்லோரும் ஒருமனதாய்த் தீர்ப்புச் சொல்கிறோம்.

அன்று என்னை அடிக்கத் தூண்டியது நாயின் நன்மையா, வாரறுந்த செருப்பா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்ததுதான்.

இப்போது செருப்பு அலமாரியில் இருக்கிறது. குட்டி மறுபடி வாசலுக்கு ஓடி வருவதற்கு எட்டு நாள் சென்றது.