குறைமாதப் பிள்ளையும் நமது கடமையும்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை மூச்சுக்குத் தவித்து மறைந்தால், "அல்லாஹ்வின் நாட்டம்" என்று ஆறுதல் சொல்கிறோம். அச்சொல்லில் ஈமான் உண்டு. ஆனால், கைக்கு எட்டும் மருந்து இருக்க, அதைத் தேடாமல் விதியின்மீது பாரத்தைச் சுமத்தலாமா என்று வணிகர்களாகிய நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உடல் பெருப்பது போலவே பக்குவமடைவதும் வளர்ச்சியே. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் சிசுவின் உடலில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் பெருகி, நுரையீரலை மூச்சுக்குத் தயாராக்குகிறது. முந்திப் பிறக்கும் சிசுவுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து 39 மணி நேரமே வாழ்ந்தான். செல்வமும் அதிகாரமும் அவனைக் காக்க இயலவில்லை.

நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர், செம்மறியாட்டுக் கருவுக்கு இவ்வகை ஹார்மோனைச் செலுத்தியபோது, பிழைக்க வழியில்லாத குட்டி மூச்சுவிடக் கண்டார். அவரும் ஹௌவி என்பவரும் தாய்மார்களுக்கு அவ்வினத்து மருந்தை ஊசியாகப் போட்டுக் கண்ட பலனை 1972இல் வெளியிட்டனர். மருந்தின் விலையோ சொற்பம். ஆயினும் அமெரிக்க வல்லுநர் குழு அதைப் பரவலாகப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது 1994இல்தான். நல்ல சரக்கு 22 ஆண்டுகள் கிட்டங்கியில் கிடந்தது போலாயிற்று!

இன்று நமக்குத் தடையாயிருப்பவை நேரமும் தூரமுமே. இவ்வூசியை மாதக் கணக்கு அறிந்து மருத்துவமனையில்தான் போட வேண்டும். முழுப் பலன் பெறப் பிரசவத்துக்கு முன் ஒரு நாளாவது வேண்டும். ஈஜோக், புக்கிட் ரோத்தான், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களின் தோட்டங்களில், ஏழாம் மாதத்தில் ஒரு பெண்ணுக்கு நடுநிசியில் வலி கண்டால், தஞ்சோங் காராங்குக்கோ கிள்ளானுக்கோ போக வாகனம் வேண்டும். கடைத்தெருவில் வண்டி வைத்திருப்பவர்கள் நாம்.

ஜனாஸாத் தொழுகை பர்ளு கிபாயா. சிலர் நிறைவேற்றினால் எல்லோர் கடமையும் நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிடில் எல்லோரும் குற்றவாளிகள். இறந்தவருக்கே இத்தனை கடமை என்றால், பிறக்கப்போகும் உயிருக்குக் குறைந்துவிடுமா? அந்தப் பெண் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவளா, வேற்று நாட்டுத் தொழிலாளியா என்பது வலி கண்ட நேரத்தில் கேட்கத் தக்க கேள்வியன்று.

ஊருக்கு நான்கு கடைக்காரர்கள் முறை வைத்து இரவில் வண்டியும் தொலைபேசி எண்ணும் தயாராக வைத்திருந்தால் போதும். நம்மால் ஆனதைச் செய்து முடித்தபின் வருவதை அல்லாஹ்வின் நாட்டம் என்று ஏற்போம். செய்யாமலே அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.