கயிறு கைமாறும் வேளை

நெடுங்காலம் வளர்த்த குதிரையை விற்றுவிட்டு வீடு திரும்புபவனின் கையில் பணம் இருக்கிறது. ஆயினும் அவன் நடை தளர்கிறது. லாயத்தில் தீவனத் தொட்டி வெறுமையாய்க் கிடக்கிறது. மறுநாள் விடியலில், வழக்கம்போல் கொள்ளை எடுத்து வைக்க அவன் எழுகிறான். எழுந்து நின்ற பிறகுதான், இனி அதற்குத் தேவையில்லை என்பது நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகள் ஓர் உயிருக்குப் பணிவிடை செய்த உடல், அவ்வுயிர் பிரிந்து சென்றதை மனத்தைவிடத் தாமதமாகவே அறிகிறது.

இந்தத் துயரத்தைக் கண்டு உற்றாருள் ஒருவர், "ஒரு மிருகத்துக்காகவா இவ்வளவு கலக்கம்?" என்று கேட்பார். மற்றொருவர், "எல்லாம் மாயை, விட்டுத் தள்ளு" என்பார். முதலாமவர் அன்பை அறியாதவர். இரண்டாமவர் வேதாந்தத்தின் சொற்களை அறிந்து பொருளை அறியாதவர். துயருற்றவனுக்கு இவ்விரு சொற்களாலும் ஆறுதல் கிடைப்பதில்லை. அவனுக்குத் தேவைப்படுவது விவேகம். எதை விட்டுவிட வேண்டும், எதை விட வேண்டியதில்லை என்று பிரித்துக் காட்டும் அறிவே விவேகம்.

குளம்பொலி ஓய்ந்த மாநகரம்

மும்பை மாநகரம் இந்தத் துயரத்தை நன்கு அறியும். இன்று மின்சார ரயில்களின் நகரமாக விளங்கும் இந்நகரில், 1874 மே 9 அன்று டிராம் வண்டிகள் முதன்முதலாக ஓடியபோது அவற்றை இழுத்தவை குதிரைகளே. அந்த டிராம் நிறுவனம் சுமார் 900 குதிரைகளைப் பராமரித்தது. 1905-இல் குதிரை டிராம்கள் நின்றன. 1907-இல் மின்சார டிராம்கள் வந்தன. அதன் பிறகும், விக்டோரியா மகாராணியின் பெயரால் வழங்கிய அலங்காரக் குதிரை வண்டிகள் நகரை விட்டு நீங்கவில்லை. இந்தியாவின் நுழைவாயில் முதல் மெரின் டிரைவ் கடற்கரைச் சாலை வரை அவற்றின் குளம்பொலி பல தலைமுறைகளுக்குக் கேட்டது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளிலிருந்து விடுமுறை நாள்களில் குழந்தைகளுடன் கடற்கரைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த ஒலி பழக்கமானதே.

2015 ஜூன் 8 அன்று மும்பை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. உல்லாசச் சவாரிக்காகக் குதிரை வண்டிகளை ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது. ஓராண்டுக்குள் அவை நிறுத்தப்பட வேண்டும். உரிமமின்றி நடக்கும் லாயங்கள் மூடப்பட வேண்டும். இத்தொழிலை நம்பியுள்ள குடும்பங்களின் மறுவாழ்வுக்கு அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்பவை அத்தீர்ப்பின் சாரம். சுமார் 130 வண்டிகளும் 700 குடும்பங்களும் இதனால் பாதிக்கப்படுவதாக அப்போது செய்திகள் வெளிவந்தன. பின்னர் 2021-இல், விக்டோரியாவின் வடிவிலேயே, குதிரையின்றி மின்கலத்தால் ஓடும் வண்டிகள் அறிமுகமாயின.

இங்கே இரண்டு கருணைகள் எதிரெதிரே நின்றன. விலங்குகளின் நலத்துக்காக வழக்குத் தொடுத்தவர்கள், தார்ச்சாலையில் தேயும் குளம்புகளையும், நெரிசலான லாயங்களையும், போதிய தீவனமும் ஓய்வும் இன்றி நலிந்த உடல்களையும் சுட்டிக் காட்டினார்கள். வண்டிக்காரர்களோ, அக்குதிரைகளோடு பிறந்து வளர்ந்தவர்கள். தம் பிள்ளைக்கு இட்டதைப்போல் அவற்றுக்கும் பெயரிட்டு அழைத்தவர்கள். இவர்களின் அன்பு பொய்யா? அன்று. அந்தக் குதிரைகளின் வலி பொய்யா? அதுவும் அன்று. நேசிப்பவனின் கையிலேயே நேசிக்கப்படும் உயிர் துன்புறுவது உண்டு. இந்த உண்மையை ஏற்பது, குதிரையைப் பிரிவதைவிடக் கடினமானது. தன் அன்பு குறைவற்றது என்று எண்ணியிருந்தவனை, அந்த அன்பையே சோதித்துப் பார்க்கச் செய்கிறது இது.

சட்டம் ஆணையிட்டாலும், வறுமை நெருக்கினாலும், முதுமையால் பராமரிக்க இயலாமற்போனாலும் பிரிவு பிரிவே. அந்த வேளையில் தர்மம் எது?

கண்ணீர் குற்றமன்று

நம் இதிகாசங்கள் குதிரைகளை வெறும் வாகனமாகக் காட்டவில்லை. ஸ்ரீராமபிரானைக் கங்கைக் கரையில் விட்டுவிட்டு சுமந்திரர் அயோத்திக்குத் திரும்புகிறார். தேரில் பூட்டிய குதிரைகள் கண்ணீர் உகுத்து, வழியில் செல்ல மறுத்தன என்று அவர் தசரத மன்னரிடம் கூறுவதாக வால்மீகி முனிவர் பாடியிருக்கிறார். துளசிதாசரின் கீதாவளியிலோ, அன்னை கோசலை தன் மகனின் குதிரைகளை எண்ணி வருந்துகிறாள். இராமனுக்குப் பிரியமானவை என்பதால் பரதன் அவற்றைப் பன்மடங்கு கவனத்துடன் பேணுகிறான். இருந்தும் அவை நாளுக்கு நாள் வாடுகின்றன.

இந்தக் காட்சி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. தந்தையின் வாக்கைக் காக்க இராமன் பிரிந்தே ஆகவேண்டும். அந்தக் கடமையில் அவன் தளரவில்லை. ஆனால் குதிரைகள் அழக்கூடாது என்றோ, அன்னை வருந்தக்கூடாது என்றோ காவியம் விதிக்கவில்லை. கடமையும் கண்ணீரும் ஒரே இடத்தில் இருக்க முடியும். கண்ணீர் கடமையைத் தடுக்காதவரை, அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மகாபாரதத்தின் துரோண பருவத்தில் மற்றொரு காட்சி உண்டு. ஜயத்ரதனை நோக்கி விரையும் போரின் நடுவே அர்ஜுனனின் குதிரைகள் களைத்துப் போகின்றன. அர்ஜுனன் அம்பெய்து போர்க்களத்திலேயே ஒரு நீர்நிலையைத் தோற்றுவிக்கிறான். பகவான் ஸ்ரீகிருஷ்ணர் குதிரைகளை அவிழ்த்து, உடலில் தைத்த அம்புகளைப் பிடுங்கி, தம் திருக்கரங்களால் தேய்த்து விட்டு, நீர் அருந்தச் செய்து, தீனி அளித்து, மீண்டும் பூட்டுகிறார். கீதையை உபதேசித்த அதே கரங்கள் குதிரையின் புண்ணைத் தடவுகின்றன. பற்றின்மை என்பது பரிவின்மை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மானைப் பற்றிய மன்னர்

அப்படியானால் பற்றினால் வரும் கேடு எங்கே இருக்கிறது? ஸ்ரீமத் பாகவதம் பரத மன்னரின் வரலாற்றால் இதை விளக்குகிறது. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவமியற்றிய அவர், தாயை இழந்த ஒரு மான்குட்டியை வெள்ளத்திலிருந்து காப்பாற்றினார். அது கருணை. பின்னர், தம்மையன்றி அதற்குக் காவலில்லை என்று எண்ணத் தொடங்கினார். அது பற்று. அது சற்று நேரம் கண்ணில் படாவிட்டாலும் கலங்கினார், வழிபாடு நழுவியது, மானையே நினைந்து உயிர்நீத்து, மானாகவே பிறந்தார்.

மானைக் காத்தது அவர் குற்றமன்று. 'நான் இல்லாவிடில் இந்த உயிருக்கு யார் இருக்கிறார்?' என்ற எண்ணமே அவரைக் கட்டியது. குதிரையை விற்றவனின் உள்ளத்தை இரவில் அறுப்பதும் இதே எண்ணம்தான்: "என் கையால் அன்றி அது உண்ணுமா? என் குரலைத் தேடுமே!" குதிரை தன்னை வளர்த்தவரின் குரலையும் முகத்தையும் நினைவில் கொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் நேரந்தவறாத தீவனமும், தன் இனத்தின் துணையும், கனிவான கையும் கிடைத்தால் அது புதிய இடத்திலும் மெல்ல மெல்ல அமைதி கொள்ளும். அதைப் படைத்த இறைவன், அதற்கு அன்பு கிடைக்கும் வாயிலை ஒரே மனிதனிடம் மட்டும் வைத்துவிடவில்லை.

கயிறும் அன்பும்

தமிழகத்துக்கு மிகவும் அறிமுகமான குதிரை வியாபாரம் ஒன்று உண்டு. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கச் சென்ற திருவாதவூரர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, கொண்டு சென்ற பொருளை எல்லாம் திருப்பணிக்கே செலவிட்டார். அவரைக் காக்க, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி, தாமே குதிரை வணிகராக மதுரைக்கு எழுந்தருளினார். குதிரைகளை ஒப்படைக்கையில் வணிக மரபின்படி கயிறு மாறிக் கொடுத்தார். விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குக் கயிறு மாறிவிட்டால், அதன்பின் நேர்வதற்கு விற்றவர் பொறுப்பல்லர் என்பது அந்த மரபு. மதுரையின் ஆவணி மூலத் திருவிழா இன்றும் இந்தத் திருவிளையாடலை நினைவூட்டுகிறது.

வடமொழியில் 'பாசம்' என்பதற்குக் கயிறு என்றே பொருள். தமிழ் வழக்கில் அதே சொல் உறவின் பிணைப்பையும் குறிக்கிறது. பதி, பசு, பாசம் என்று சைவ சித்தாந்தம் கூறும்போது, உயிரைப் பிணித்திருக்கும் கட்டே பாசம் எனப்படுகிறது. குதிரையின் கழுத்திலிருக்கும் கயிற்றின் ஒரு முனை குதிரையிடம் இருக்கிறது. மறுமுனை அதைப் பிடித்திருப்பவனின் உள்ளத்தில் சுற்றியிருக்கிறது. சந்தையில் கைமாறுவது முதல் முனை மட்டுமே. இரண்டாவது முனையை அவிழ்ப்பது சாதனை.

அவிழ்க்க வேண்டியது கயிற்றை, அன்பை அன்று. 'என்னுடையது' என்பது கயிறு. 'அது நலமாக இருக்கட்டும்' என்பது அன்பு. கயிறு மாறிக் கொடுத்த அந்த இறைவனே, பின்னர் வையையில் வெள்ளம் பெருகியபோது, அதே அடியாருக்காக நிகழ்ந்த திருவிளையாடலில் கூலியாளாய் மண் சுமந்து, மன்னனின் பிரம்படியைத் தம் முதுகில் ஏற்றார். வணிகப் பொறுப்பு கயிற்றோடு முடிந்தது, அருள் முடியவில்லை.

விற்பவனின் தர்மம்

ஆகவே விற்கும் வேளையில் மனச்சான்று கேட்கும் கேள்வி ஒன்றே: "யாருடைய நலம் முன்னே நின்றது?" குதிரையின் ஆயுள் பொதுவாக இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகள் வரை நீளும், பாரம் இழுக்கும் வலிமையோ அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். எஞ்சிய ஆண்டுகளில் அதற்கு என்ன நேரும் என்று எண்ணாமல், மிகுதியாகத் தருபவனிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு வருபவனின் துயரத்தில் ஒரு முள் இருக்கும். அந்த முள் நினைவூட்டலாய் அமைந்த இறையருளே. வாங்குபவரின் லாயத்தை நேரில் பார்த்து, நிழலும் நீரும் உண்டா என அறிந்து, குதிரையின் நோய், வயது, அச்சம், பழக்கம் அனைத்தையும் மறைக்காமல் சொல்லி, விலை சற்றுக் குறைந்தாலும் நல்ல கையைத் தேர்ந்தெடுத்தவனின் துயரத்திலோ முள் இல்லை. அங்கே இருப்பது தூய கண்ணீர் மட்டுமே. அது காலத்தால் பிரார்த்தனையாகக் கனியும். முன்பே தவறு செய்துவிட்டதாக உணர்பவனும் தளர வேண்டியதில்லை. இயன்றால் அந்தக் குதிரையின் நிலையை விசாரித்தறிவதும், இயலாவிடில் வேறோர் உயிருக்குத் துணை நிற்பதும் அவனுக்கான பரிகாரம்.

விற்ற மறுநாள் முதல், கொள்ளை எடுத்து வைக்க எழுந்த அந்த விடியல் நேரத்தை வீணாக்காதிருப்பதே அடுத்த படி. பழகிய கைகளுக்குப் பணி வேண்டும். அந்த நேரத்தில் சிறிது ஜபம். பின்னர் ஒரு பசுவுக்குப் புல், தெருநாய்க்கு ஒரு கிண்ணம் நீர், பறவைக்கு ஒரு பிடி தானியம். மும்பை பரேலில், 1883-இல் தொடங்கப்பெற்ற பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை வாயற்ற உயிர்களின் துயர் துடைக்க எழுந்தது. அத்தகைய இடங்களுக்கு இயன்றதை அளிப்பதும் வழிபாடே. குதிரை கற்றுக் கொடுத்த பரிவு, குதிரையோடு போய்விட வேண்டியதில்லை. அது பல உயிர்களுக்குப் பாயட்டும்.

தென் மும்பையில் காலா கோடா என்றொரு பகுதி உண்டு. 'கறுப்புக் குதிரை' என்பது அதன் பொருள். ஆங்கிலேய இளவரசர் அமர்ந்திருந்த குதிரைச் சிலை 1879-இல் அங்கே நிறுவப்பட்டது; 1965-இல் அது அகற்றப்பட்டு, பின்னர் பைகுல்லா உயிரியல் பூங்காவில் இடம்பெற்றது. சிலை போன பிறகும் மக்கள் அவ்விடத்தைக் கறுப்புக் குதிரை என்றே அழைத்து வந்தார்கள். 2017-இல் அங்கே மீண்டும் ஒரு கறுப்புக் குதிரைச் சிலை எழுந்தது. இம்முறை அதன் முதுகின்மேல் எவரும் இல்லை.

பிரிந்த குதிரையும் உள்ளத்தில் அவ்வாறே நிற்கட்டும்: மேலே உரிமையாளன் இன்றி, இறைவனின் உயிராக. கயிற்றை அவிழ்க்கும் வலிமையையும், அன்பைக் காக்கும் பேற்றையும் பசுபதியாகிய அப்பெருமான் அனைவருக்கும் அருள்வாராக.